வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

ஜெய்னுதீன் ஓர் இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து அவருடைய மனைவி ரம்லத் பார்த்ததில்லை. நிக்காஹ் நாளன்றே மூன்று முறை எழுந்துபோய் வாசலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை அவர். கிள்ளானில் இருக்கும் வீட்டைப் பூட்டினால் பாதித் தெரு நடந்து, திரும்பி வந்து, பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை பினாங்குக்கு ரயிலில் போகும்போது அடுப்பை அணைத்தோமா என்ற கவலை பிடித்துக்கொண்டது. ஈப்போவில் இறங்கி அண்டை வீட்டுக்குப் போன் போட்டார். போன் போட்டு முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது, பெட்டியும் ரம்லத்தும் ரயிலோடு போய்விட்டார்கள். இந்தக் கதை கிள்ளானில் இருக்கும் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

இப்படிப்பட்ட மனிதரை வேறு எந்த முதலாளியாக இருந்தாலும் ஒரு மாதத்தில் விரட்டியிருப்பார். நல்லவேளையாக அவருக்கு வாய்த்தது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடம். அறுபத்து நான்கில் போத்தல் கழுவுகிறவராகச் சேர்ந்தார். கழுவிய போத்தலை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து மறுபடியும் கழுவுகிற ஆளைக் கண்டு அதிகாரிகள் அசந்துபோனார்கள். எட்டு வருடத்தில் அவரை வெளி வேலைக்கு அனுப்பினார்கள். கூடத்து வேனை ஓட்டிக்கொண்டு ஒரு நாள் அம்பாங், ஒரு நாள் கிள்ளான், ஒரு நாள் பெட்டாலிங் ஜெயா என்று போய், குறித்த வீடுகளின் குழாயில் தண்ணீர் பிடித்து, முத்திரையிட்டுக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ். அலைகிற கால்களுக்கு ஏற்ற வேலை.

எண்பத்தாறில் விசாலம் வந்தார். கிள்ளானில் மூன்று தலைமுறையாக இருக்கும் செட்டியார் வீட்டுப் பெண். இங்கிலாந்தில் ரசாயனம் படித்துவிட்டு வந்தவர், வயது முப்பதுகூட இல்லை. அவரோடு ஒரு புது மெஷினும் வந்தது. பிளாஸ்டிக்கை வளையவும் நெளியவும் வைப்பதற்கு தாலேட் என்று ஒரு ரசாயன வகையைச் சேர்க்கிறார்கள். அது குடிதண்ணீரில் இறங்குகிறதா என்று அந்த மெஷின் கண்டுபிடிக்கும். தண்ணீரில் அது இல்லையென்றால் மெஷினின் பேனா தாளில் நேர்கோடு போடும். இருந்தால் ஒரு குன்று வரையும்.

தாலேட் இல்லாத இடமே இல்லை, ஆகவே தண்ணீர் பிடிக்கப் போகிறவர் பிளாஸ்டிக்கைக் கிட்டவே அண்டவிடக் கூடாது என்று விசாலம் சொல்லிக்கொடுத்தார். கண்ணாடிப் போத்தல்தான். மூடிக்கு அடியில் அலுமினியத் தாள். பிளாஸ்டிக் கையுறை ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவிய வெறுங்கைதான். ஜெய்னுதீனுக்கு இப்படிச் சொல்லிவிட்டால் போதுமா? கூடையை மாற்றி மரப்பெட்டி செய்தார். வேனில் இருந்த பிளாஸ்டிக் விரிப்பைப் பிய்த்து எறிந்தார். கடையில் பையில் கட்டித் தரும் தேத்தண்ணியைக் குடிப்பதை நிறுத்தினார். சட்டைப்பையில் இருந்த பேனாகூட பிளாஸ்டிக்தானே என்று அதையும் தூக்கிப் போட்டுவிட்டு, போத்தல்களில் ஒட்டும் சீட்டில் பெயர் எழுத ஒரு மரப் பென்சில் வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். கூடத்தில் மற்றவர்கள் சிரித்தார்கள். விசாலம் சிரிக்கவில்லை, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களைக் கடிந்துகொண்டார். அன்று வீட்டுக்கு வந்து அதை நான்கு முறை ரம்லத்திடம் சொன்னார் ஜெய்னுதீன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விசாலம் சொன்னபடி செய்யவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் பிளாங்க் என்று ஒரு போத்தல் இருக்கும். அதில் கூடத்திலேயே காய்ச்சி வடித்த மகா சுத்தமான தண்ணீர். தண்ணீர் பிடிக்கும் வீட்டில் அதையும் திறந்து, குழாய்த் தண்ணீர்ப் போத்தல் திறந்திருக்கும் நேரம் வரை திறந்து வைத்து, மூடி எடுத்து வர வேண்டும். அவர் கையாலோ காற்றாலோ ஏதாவது ஒட்டியிருந்தால் பிளாங்க் காட்டிக் கொடுத்துவிடும். விசாலம் மேடம் மூன்று முறை வடித்த தண்ணீரை பிரிக்பீல்ட்ஸின் லோரிப் புகையில் திறந்து வைப்பதாவது! அவருக்குக் கை வரவில்லை. ஒப்படைத்த பொருளை ஒப்படைத்தபடியே திருப்பித் தருவதுதானே முறை? பிளாங்கை வெள்ளைத் துணியில் சுற்றி, திறக்காமலே கொண்டுவந்து கொடுத்தார். படிவத்தில் ‘திறக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் மட்டும் ஒரு டிக். அது பொய் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பின்னால் நான்கு மாடி வீடுகள் ஒரு வரிசை. துருப்பிடித்த இரும்புக் குழாய்களில் வருடக்கணக்காக செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்த இடம். பழனியப்பன் என்ற பைப்புக்காரர்தான் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக பிளாஸ்டிக் பைப் போட்டார். பத்து வருடம் இன்னொருவரிடம் வேலை பார்த்து, பரீட்சை எழுதி, சொந்த லைசென்ஸ் வாங்கியவருக்கு அதுதான் முதல் பெரிய வேலை. முதல் நாள் பளிச்சென்று தண்ணீர் வந்ததும் இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் பாயசம் வைத்துப் பழனியப்பனுக்குக் கொடுத்தார்களாம்.

அந்த வீடுகளின் தண்ணீரில்தான் மெஷின் குன்று வரைந்தது. கிள்ளான் நேர்கோடு, அம்பாங் நேர்கோடு, பெட்டாலிங் ஜெயா நேர்கோடு. பிரிக்பீல்ட்ஸ் மட்டும் குன்று. முதல் வாரம் விசாலம் நம்பவில்லை. இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், அதே இடத்தில் அதே குன்று. பிளாங்க் சுத்தமாக இருந்ததால் எடுத்த ஆள் மேல் சந்தேகமே வரவில்லை. தரம் குறைந்த பைப், இல்லையென்றால் மட்டமான பசை என்று முடிவாயிற்று. குடிக்க வேண்டாம் என்று படிக்கட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பழனியப்பனின் லைசென்ஸைப் பறிப்பது பற்றி விசாரணை வைத்து, அதுவரை வேலை எதுவும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். இத்தனைக்கும் தாம் பிடித்த தண்ணீர்தான் காரணம் என்பதில் ஜெய்னுதீனுக்குக் கொஞ்சம் பெருமைதான். இல்லையென்று சொல்ல முடியாது.

பெருமை நீடிக்கவில்லை. வீடுகளுக்கு எதிரில் தனலெட்சுமி என்ற தையல் டீச்சரின் பழைய தனிவீடு. அங்கே இரும்புக் குழாய்தான். இப்போது நான்கு மாடிக்காரர்களும் அவர் வீட்டுக் குழாயிலிருந்து குடிதண்ணீர் பிடித்துப் போனார்கள். நான்காம் மாடியில் ரமணி என்று ஒரு பெண். கணவன் லோரி ஓட்டுகிறவன், வாரத்தில் ஐந்து நாள் குவாந்தானில். இடுப்பில் கைக்குழந்தை, மறு கையில் வாளி. படி ஏறி வரும்போது மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்கும். ஜெய்னுதீன் மரப்பெட்டியோடு ஒதுங்கி நின்று வழி விடுவார். வாளியை வாங்கிக்கொள்ளலாம் என்று கை நீளும். பிளாஸ்டிக் வாளி என்று பின்வாங்கிவிடும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக தனலெட்சுமி வீட்டிலும் வாரா வாரம் ஒரு போத்தல் பிடித்தார்கள். ஐந்தாம் வாரம் விசாலத்தின் மேஜையில் அந்தத் தாளைத் தற்செயலாகப் பார்த்தார் ஜெய்னுதீன். அதிலும் குன்று, சற்றுச் சின்னது. இரும்புக் குழாயில் பிளாஸ்டிக் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஒரே தெருக்குழாய்தானே, எதிர் வரிசையிலிருந்து கசிந்து வந்திருக்கும் என்றார் விசாலம். சொல்லும்போது அவர் புருவமும் சுருங்கியது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பொது விடுமுறை, ஆகவே வியாழன் காலையிலேயே போய்ப் பிடித்து வந்தார். எல்லாமே நேர்கோடு. சில வாரம் அப்படித்தான் ஏறி இறங்கும் என்றார் விசாலம். மறு வெள்ளி, பழையபடி குன்று.

அதிலிருந்து ஜெய்னுதீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியாழனுக்கு இல்லாதது வெள்ளிக்கு எப்படி வருகிறது? பைப்புக்கு நாள் கிழமை தெரியுமா? சோறு தின்ன உட்கார்ந்தால் பாதியில் எழுந்து கேட் வரை போய் வருவார். வேனைத் துடைத்தார், பெட்டியைத் துடைத்தார், போத்தல் மூடிகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். ரம்லத் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். வயிறு சரியில்லாதவர் இப்படி நடப்பாரா என்று அவள் கேட்பதற்குள் மறுபடியும் கேட்டுக்குப் போயிருந்தார்.

சனிக்கிழமை காலை பாசாருக்குக் கிளம்பும் முன் சாமான் பட்டியல் எழுத ரம்லத்துக்கு ஒரு பேனாவும் அகப்படவில்லை. ஆணியில் தொங்கிய கணவரின் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, உளுந்து, புளி என்று இரண்டு வரி எழுதியவள் மூக்கின் அருகே கொண்டுபோனாள்.

“பென்சில்கூட அத்தர் மணக்குதுங்க,” என்றாள் சிரித்துக்கொண்டே. “எங்க அண்ணன் கடைச் சரக்குன்னா சும்மாவா?”

ஜெய்னுதீன் கையிலிருந்த பாசார் பை கீழே விழுந்தது. ஏழு வயதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். அவர் வாப்பாவுக்கும் அதே பழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகும் முன் ஒரு துளிப் பஞ்சை அத்தரில் நனைத்து வலது காது மடிப்பில் செருகிக்கொள்வார். கிள்ளானில் ரம்லத்தின் அண்ணன் கடையில் வாங்கும் மல்லிகை அத்தர். மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நேராக பிரிக்பீல்ட்ஸுக்கு வேனை விடுவார். அங்கே கை கழுவிவிட்டுப் போத்தல் சீட்டில் பெயர் எழுதுவார். எழுதிய பென்சிலை எங்கே செருகுவார்? அதே வலது காதில், அதே பஞ்சுக்கு மேல். பிறகு பென்சிலைத் தொட்ட விரலால் அலுமினியத் தாளை அமுக்கி மூடியைத் திருகுவார். அவர் தம்முடைய விரல்களை மோந்து பார்த்தார். நேற்றைய மல்லிகை இன்னும் போகவில்லை.

அத்தரில் பிளாஸ்டிக் மருந்து இருக்குமா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் நாள் சரியாகப் பொருந்தியது. பிளாங்கைத் திறந்திருந்தால் முதல் வாரமே அது காட்டியிருக்கும் என்பதும் அடுத்த நிமிடமே புரிந்தது. அந்த டிக்! இருபத்திரண்டு வருட வேலையில் அவர் போட்ட பொய்க் கையெழுத்து அது ஒன்றுதான். பிரிக்பீல்ட்ஸுக்கு மட்டும் எட்டு முறை போட்டிருக்கிறார். வெளியே தெரிந்தால் வேலை போகும். வேலைகூடப் போகட்டும், ‘பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொன்ன விசாலத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

பயந்த மனிதன் எடுக்கும் வழியைத்தான் ஜெய்னுதீனும் எடுத்தார். யாரிடமும் வாய் திறக்கவில்லை. அடுத்த வெள்ளி அத்தர் போடவில்லை. புதுப் பென்சில், காதில் செருகாமல் பெட்டியில் வைத்தார். பள்ளிவாசலில் பக்கத்தில் இருந்தவர் நீட்டிய அத்தரைக்கூடக் கையை மடக்கிக்கொண்டு வேண்டாமென்றார். அந்த மனிதர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். தண்ணீர் சுத்தமென்று வந்துவிட்டால் பழனியப்பனை விட்டுவிடுவார்கள், விஷயம் தானாக அமுங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

திங்கட்கிழமை விசாலம் அவரைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். எல்லாம் நேர்கோடு. ஜெய்னுதீனுக்கு மூச்சு வந்தது.

“பாத்தீங்களா, அந்தப் பைப்புக்காரன் எவ்வளவு கெட்டிக்காரன்னு?” என்றார் விசாலம். “புதன்கிழமை விசாரணை. அதுக்கு முன்னால யாருக்கும் தெரியாம பைப்பையெல்லாம் கழுவி விட்டுட்டான். பண்ணுன தப்ப மறைக்கவும் தெரியுது அந்த ஆளுக்கு. இதையும் ரிப்போர்ட்ல எழுதப் போறேன்.”

வந்த மூச்சு போயிற்று. அவர் காப்பாற்ற நினைத்து வைத்த அடி, அந்த மனிதனின் தலையிலேயே விழுந்திருந்தது. முன்னே கவனக்குறைவு என்ற பழிதான். இப்போது ஏமாற்றுக்காரன் என்ற பட்டமும் சேர்ந்துவிட்டது. ஏதாவது சொல்ல வாயெடுத்தார். “சரி மேடம்” என்றுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை கிள்ளானுக்குப் போக வேண்டிய வேன் பிரிக்பீல்ட்ஸில் போய் நின்றது. ஏன் போனார் என்று பின்னால் கேட்டபோது அவருக்கே சொல்லத் தெரியவில்லை. படிக்கட்டுக்கு அடியில் பழனியப்பன் ஒரு சாண் பைப்பை அறுத்து, நுனியை மோந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் தாடி. ஜெய்னுதீனைக் கண்டதும் எழுந்து நின்றார். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

“பாய், நீங்க எத்தனையோ வருஷமா தண்ணி எடுக்கிறவரு,” என்றார். “லேப்ல சொல்லலன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க. இதுல என்ன தப்பு பண்ணேன்? நல்ல பைப்புதான் வாங்கினேன், பில் இருக்கு. பசையும் நல்ல பசைதான். ராவும் பகலும் யோசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் புரியல. எங்க வீட்லயும் இதே பைப்பத்தான் போட்ருக்கேன். இப்ப எம் புள்ளைங்களுக்கு அந்தத் தண்ணியக் குடுக்க எனக்கே கை வர மாட்டேங்குது.”

ஜெய்னுதீன் திரும்பி வேனுக்கு நடந்தார். அவமானம் காது வரை எரிந்தது. பங்சார் வழியாக பெட்டாலிங் ஜெயாவுக்கு வரும் வரை மூன்று சிக்னலில் ஹாரன் வாங்கினார். நேராக விசாலத்தின் அறைக்குப் போய், கதவைத் தட்டாமல் நுழைந்து, உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். அத்தர், பஞ்சு, பென்சில், விரல்.

விசாலம் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. இந்த வகையிலேயே லேசான ஒன்று உண்டு, அதை வாசனைத் திரவியங்களில் கலக்கிறார்கள் என்று அவர் படித்ததுதான். பைப்பிலிருந்து வந்தால் கனமான வகையல்லவா வந்திருக்க வேண்டும், இது மட்டும் ஏன் தனியாக வருகிறது என்று தாமும் கேட்டிருக்க வேண்டும் என்றார். பிறகுதான் அவருக்கு அது உறைத்தது.

“இருங்க. அப்ப பிளாங்க் ஏன் சுத்தமா வந்துச்சு?”

“நான் அதத் தொறந்ததே இல்ல மேடம்.”

“டிக் போட்டிருக்கீங்க.”

“போட்டேன். நீங்க குடுத்த தண்ணி அழுக்காயிடுமேன்னு தொறக்கல. ஆனா தொறந்தேன்னு டிக் போட்டேன்.”

விசாலத்தின் முகம் சிவந்தது. அத்தர் போட்டதற்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அழுக்காகணும்னுதான் அதக் குடுத்தனுப்புறேன்,” என்றார். “அது அழுக்கானாத்தான் மத்தவங்க தப்பிப்பாங்க. உங்க டிக்க நம்பி ஒரு மனுசனத் திருடன்னு எழுதி வச்சிருக்கேன், ஜெய்னுதீன்.”

அன்று மாலையே சோதித்தார்கள். கிள்ளானுக்குப் போய் வீட்டு அத்தரை எடுத்து வந்து, பஞ்சைக் காதில் வைத்து, பென்சிலைச் செருகி, எடுத்து எழுதி, அதே விரலால் ஒரு பிளாங்கைத் திறந்து மூடினார் ஜெய்னுதீன். மெஷின் சூடாகி ஓட ஒரு மணி நேரம். அவர் நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். பேனா நகர்ந்தது. அத்தர் போட்ட வெள்ளிக்கிழமைகளில் எழும்பிய அதே இடத்தில், குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் படாத போத்தலில், அதே குன்று. விசாலம் தாளைக் கிழித்து மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

புதன்கிழமை விசாரணையில் ஜெய்னுதீன் மலாயில் பேசினார். பழனியப்பனுக்கு எதிரில் நின்று, காதைத் தொட்டுக் காட்டி, பிளாங்கைப் பற்றியும் டிக்கைப் பற்றியும் ஒன்றும் விடாமல் சொன்னார். ஒரு அதிகாரிக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார். பழனியப்பனின் லைசென்ஸ் தப்பியது. ஜெய்னுதீனுக்கு வேலை போகவில்லை. விசாலம் மேலதிகாரிகளிடம் வாதாடி, தம் பங்குத் தவறையும் எழுதிக் கொடுத்ததால் அது நிலைத்தது. ஆனால் வேன் சாவியை வாங்கிக்கொண்டு அவரைப் போத்தல் கழுவும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் தொடங்கிய அதே தொட்டிக்கு. ஓய்வு பெறும் வரை ஏழு வருடம் அங்கேயே நின்றுதான் கழுவினார்.

ரம்லத்துக்கு வேன் வேலை போனதைவிட அண்ணன் கடை அத்தரை மெஷினில் விட்டுப் பார்த்ததுதான் பெரிய கோபம். அண்ணன் என்ன கண்டார், பம்பாயிலிருந்து வருவதைத்தானே விற்கிறார் என்று சட்டி பானைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறு வாரம் கழுவும் அறை வாசலில் பழனியப்பன் வந்து நின்றார். நன்றி சொல்ல வரவில்லை. நோட்டீஸை எடுத்துவிட்டு, தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று புது நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. ஆனால் ஒருவரும் குடிக்கவில்லையாம். முதலில் விஷம் என்றார்கள், இப்போது வாசனை என்கிறார்கள், யாரோ காசு வாங்கிவிட்டார்கள் என்று பேச்சாம். இன்னும் தனலெட்சுமி வீட்டு வாசலில்தான் வாளிகள் நிற்கின்றனவாம்.

“லேப் பேப்பர யாரும் நம்பல பாய். நீங்க வரணும். வாரா வாரம் வந்து தண்ணி புடிச்ச ஆளு நீங்கதான். உங்க வாயால கேட்டாத்தான் நம்புவாங்க.”

ஜெய்னுதீன் சோப்புக் கையை உதறியபடி நின்றார். விசாரணையில் சொன்னது நான்கு அதிகாரிகளிடம். இது முப்பத்திரண்டு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தார். பைப் நுனியை மோந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இந்த மனிதர் அப்போது கண்ணில் வந்து தொலைத்தார். எந்த நாள் வரட்டும் என்று கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே தெரிந்தது, வேறு எந்த நாளும் சரிப்படாது என்று.

வெள்ளிக்கிழமை காலை ரம்லத் பஞ்சை எடுத்து அத்தரில் வழக்கத்தைவிட நன்றாகவே நனைத்து, அவர் காதில் தன் கையாலேயே செருகிவிட்டாள். தொழுகை முடிந்து, பஸ் பிடித்து, பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, கீழ் வீட்டிலிருந்து தொடங்கினார். கதவைத் தட்டுவார். வணக்கம் சொல்லுவார். தலையைச் சாய்த்துக் காதைக் காட்டுவார். பென்சிலைச் செருகி எடுத்து நீட்டி, மோந்து பாருங்கள், நீங்கள் எட்டு வாரம் குடிக்காமல் விட்டது இதைத்தான், தண்ணீரில் ஒன்றுமில்லை, என் விரல்தான் என்பார். முதல் மாடியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டாம் மாடியில் ஒரு கிழவர் மலாயிலும் தமிழிலும் திட்டித் தீர்த்துவிட்டுக் கதவை அறைந்தார். திட்டியது நியாயம்தான் என்று ஜெய்னுதீன் அடுத்த கதவைத் தட்டினார். பழனியப்பன் ஒரு படி கீழேயே நின்று, ஒவ்வொரு வீட்டிலும் அவர் சொல்வதை முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார்.

நான்காம் மாடி ஏறும்போது ஜெய்னுதீனுக்கு மூச்சு வாங்கியது. கையில் பெட்டிகூட இல்லை. இதே படியை வாளியோடு குழந்தையையும் சுமந்து எத்தனை முறை ஏறியிருப்பாள் என்று அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது. ரமணி கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை தூங்கி வழிந்தது. அவர் தலையைச் சாய்த்தார். பென்சிலை நீட்டினார். முப்பத்தோரு வீட்டில் சொன்னதை முப்பத்திரண்டாவது முறையும் சொன்னார்.

“மன்னிச்சுக்க தாயி,” என்று மட்டும் புதிதாகச் சேர்ந்துகொண்டது.

ரமணி சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. உள்ளே போய்க் குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் பிடித்து வந்து நீட்டினாள். உபசாரமாகக் கொடுக்கவில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஜெய்னுதீன் வாங்கி, அவள் கண்ணெதிரே, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். கீழ்ப்படியிலிருந்து மேலே வந்த பழனியப்பன் அதே கிளாஸைக் கேட்டு வாங்கி, உள்ளே போய்ப் பிடித்து, தாமும் குடித்தார். தாம் போட்ட பைப்பின் தண்ணீரை அவர் குடித்து எத்தனை நாளாயிற்றோ, குடித்துவிட்டு இன்னொரு கிளாஸும் பிடித்துக் குடித்தார்.

ரமணி கிளாஸை வாங்கி மோந்து பார்த்தாள். அத்தர் மணம். சோப்புப் போட்டு ஒரு முறை கழுவினாள், மறுபடியும் மோந்துவிட்டு இன்னொரு முறை கழுவினாள். பிறகு வாசலில் இருந்த வாளியை ஓரமாகக் காலால் தள்ளிவிட்டு, பால் கலக்கத் தண்ணீர் சுடவைக்கும் கேத்தலை எடுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.